தூங்குமூஞ்சியின் சாட்சியம்

1

காலை பதினொன்று இருபத்தைந்து.

அச்சகமே அதிரும்படி ஓர் அலறல்!

அலறியது பைண்டிங் அக்கா. சாதாரணமாகப் பேசினாலே பக்கத்துத் தெருவில் ஜன்னலைச் சாத்துவார்கள். அலறினால் கேட்கவா வேண்டும்... ஓடிக்கொண்டிருந்த இரண்டு மெஷின்களையும் நிறுத்திவிட்டார்கள்.

கட்டுகளை எடுத்துவர சீல் ரூமுக்குள் போனவள், போன வேகத்தில் வராந்தாவுக்குத் திரும்பி வந்தாள்.

"ப்ரூஃப் ரீடர் சார் கீழ விழுந்து கிடக்குறாரு... மண்டையில ரத்தம்..."

சொல்லிக்கொண்டே திரும்பியவள் நாற்காலியில் இருந்த வாட்ச்மேனைப் பார்த்தாள். தலை லேசாகக் குனிந்திருந்தது. இமைகள் இறங்கியிருந்தன. வாய் அரை அங்குலம் திறந்திருந்தது.

"ஐயோ... இவரும் போயிட்டாரு..."

பிணம் பேசியது.

"நான் எங்கம்மா போனேன்? இங்கதான் இருக்கேன். உள்ள அவருக்கு என்ன ஆச்சு?"

அக்கா இரண்டாவது முறையாக அலறினாள். முதல் அலறலைவிட இது நன்றாகவே வந்தது.

ப்ரூஃப் ரீடர் சாகவில்லை. பின்மண்டையில் ஒரு காயம். மூச்சு சீராக வந்தது. கூப்பிட்டால் மட்டும் பதிலில்லை. ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. அவர் விழுந்து கிடந்த இடத்துக்கு நேர் எதிரே, இரும்பு அலமாரியில், இருநூறு கட்டுகள் இருக்க வேண்டும்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான் இருந்தன!

ஒரு கட்டுக் காகிதத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். அது வெறும் காகிதமில்லை. நாளை மறுநாள் நடக்கவிருக்கும் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வின் கேள்வித்தாள். கட்டுக்கு நூறு பிரதி. ஒரு பிரதி வெளியே போனாலும் இருபதாயிரம் பிள்ளைகளின் இரண்டு வருடப் படிப்பு குப்பைக்குப் போய்விடும்.

அதனால்தான் அந்த அச்சகத்தில் அத்தனை கெடுபிடி. உள்ளே போன் கூடாது. ஒரு ப்ரூஃப் ரீடருக்கு ஒரு பக்கம்தான். பக்கத்து மேஜைக்காரரின் பக்கத்தை எட்டிப் பார்த்தால் சீட்டுக் கிழியும். முழுக் கேள்வித்தாள் முழுசாக இருக்கும் ஒரே இடம் சீல் ரூம். என்றைக்கோ ஒரு புண்ணியவான் ஷூவுக்குள் ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு போனான். அன்றிலிருந்து சொந்தச் செருப்பு, ஷூ எல்லாம் வராந்தா ரேக்கில். உள்ளே எல்லோருக்கும் அச்சகம் கொடுக்கும் ரப்பர் செருப்பு.

வெளியே போவதென்றால் வராந்தா வழியாகத்தான். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன், ஆளை உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை தடவிப் பார்த்துவிட்டு சீட்டில் முத்திரை குத்துவார். விதிவிலக்கு இரண்டே பேர். முதலாளி, மேனேஜர்.

வாட்ச்மேனுக்கு அச்சகம் வைத்த பெயர், தூங்குமூஞ்சி.

கூப்பிட்டால் எழுந்து சோதனை போடுவார். மற்ற நேரமெல்லாம் தூக்கம். இது நாற்பது ஊழியர்களும் ஏகமனதாகச் சொன்ன தீர்ப்பு.

2

இன்ஸ்பெக்டர் வந்தாள். குள்ளமான உருவம். எதிராளி பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டாள். அவளோடு வந்த ஏட்டு அதற்கு நேர்மாறு.

வராந்தாவை ஒரு தடவை அளந்தாள். ஒரு முனையில் மெஷின் ஹால். மறுமுனையில் முற்றத்துக் கதவு. நடுவில் சீல் ரூம். அதற்கு எதிர்ச் சுவரை ஒட்டி, ஹால் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, வாட்ச்மேனின் நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்திலேயே, அதே சுவரில், சீல் ரூம் கதவுக்கு நேராக, செருப்பு ரேக்.

"எப்ப நடந்திருக்கும்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "பதினொண்ணுக்கு டீ பெல் அடிக்கும் மேடம். இருபது நிமிஷம் எல்லாரும் ஹாலுக்குப் பின்னாடி இருப்பாங்க. ப்ரூஃப் ரீடர் மட்டும் இன்னைக்கு சீல் ரூம்ல லேபிள் சரிபார்க்குற டியூட்டி. அவர் தனியா இருந்தப்பதான்..."

"வராந்தாவுல?"

மேனேஜர் முந்திக்கொண்டார். ஆள் ஆறடி. கால்கள் அதற்கும் மேலே ஒரு கணக்கு. கடையில் அளவு கிடைக்காமல் சொல்லிச் செய்த பிரவுன் ஷூ. இப்போது ரப்பர் செருப்பில் குதிகால் வெளியே நின்றது.

"இதோ இந்தத் தூங்குமூஞ்சி மேடம். கேள்வித்தாளை என்ன, மெஷினையே கழட்டிக்கிட்டுப் போயிருந்தாலும் இவனுக்குத் தெரிஞ்சிருக்காது. நானே நாலு தடவை எழுதிக் குடுத்திருக்கேன், ஆளை மாத்துங்கன்னு."

இன்ஸ்பெக்டர் வாட்ச்மேனிடம் வந்தாள். "என்ன சொல்றீங்க?"

"நான் தூங்கல மேடம்."

ஹால் வாசலில் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. இத்தனை பெரிய களவு நடந்த இடத்தில் சிரிக்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை.

"கண்ணு மூடியிருந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க."

"மூடியிருக்கும் மேடம். ஆனா தூங்கல."

"அதெப்படிய்யா?" என்றார் ஏட்டு. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு வாக்குமூலம் கேட்டதில்ல. எழுதினா கோர்ட்டு என்னைத் தூக்கி உள்ள வைக்கும்."

 வாட்ச்மேனிடம் ஒரு பதில் இருந்தது. ஆறு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்த பதில். அதைச் சொன்னால் தூங்கவில்லை என்று நிரூபித்துவிடலாம்... ஆனால் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் ஜெயில். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு பக்கமும் பள்ளம்.

"கடமையில அலட்சியம். உடந்தையா இருந்தாரான்னு அப்புறம் பார்ப்போம்" என்றாள் இன்ஸ்பெக்டர். "ஏட்டு, வீட்டுக்குத் தகவல் சொல்லுங்க. கூட்டிட்டுப் போகணும்."

3

தகவல் போன இருபதாவது நிமிடம், அச்சகத்தின் வாசலில் ஒரு மஞ்சள் நிற ஸ்கூல் பஸ் வந்து நின்றது.

பிள்ளைகள் யாரும் இல்லை. டிரைவர் சீட்டிலிருந்து குதித்து இறங்கியவள் வாட்ச்மேனின் மனைவி. கையில் பஸ் சாவி. அக்குளில் ஒரு தடித்த ஃபைல். ஐம்பது பிள்ளைகளைத் தினமும் அடக்கி ஓட்டுகிறவள் நடக்கிற நடை எப்படியிருக்கும்? ஏட்டு தானாகவே வழிவிட்டார்.

"மேடம், இவர் தூங்க மாட்டார். வீட்லயே தூங்க மாட்டார்" என்றாள்.

"வேண்டாம்மா" என்றார் வாட்ச்மேன் மெதுவாக.

"நீங்க சும்மா இருங்க. ஜெயிலுக்கு டிபன் பாக்ஸ் தூக்கிட்டு வர என்னால முடியாது." ஃபைல் மேஜைமேல் விழுந்தது. "பாருங்க மேடம். இவருக்கு மைட்டோகாண்ட்ரியா கோளாறு."

"மைட்டோ... அது என்ன, வண்டி உதிரி பாகமா?" என்றார் ஏட்டு.

"கிட்டத்தட்ட அதேதான் சார். நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் குட்டி குட்டியா பவர் ஸ்டேஷன் இருக்கு. சாப்பாட்டையும் மூச்சுக் காத்தையும் வாங்கி சக்தியாக்கிக் குடுக்குறது அதுதான். இவருக்கு அதுல நிறைய ரிப்பேர்."

"கரண்ட் கட்டு?"

"கட்டு இல்ல, லோ வோல்டேஜ். ஃபேன் சுத்தும், காத்து வராது. எந்தத் தசைக்கு ஓய்வில்லாத வேலையோ அங்கதான் முதல்ல தெரியுமாம். கண் இமை காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் தூக்கிக்கிட்டே நிக்கணும்ல? கண்ணு முழி ஓடிக்கிட்டே இருக்கணும்ல? இவருக்கு ரெண்டும் படுத்துடுச்சு. மாடிப்படி ஏறினா தொடை எரியும். சாப்பாடு முழுங்க மத்தவங்களைவிட ரெண்டு மடங்கு நேரம்."

இன்ஸ்பெக்டர் ஃபைலைப் புரட்டினாள். "ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல்னு இருக்கே?"

"அதுல ஏமாந்துதான் நாலு வருஷம் நாலு ஆஸ்பத்திரி அலைஞ்சோம். ரத்தத்துல ஒண்ணும் தெரியல. ஒரு டாக்டர் 'நல்லா தூங்குங்க'ன்னு எழுதிக் குடுத்தாரு. இன்னொருத்தர் 'தூக்கத்தைக் குறைங்க'ன்னு எழுதிக் குடுத்தாரு. கடைசில ஒரு டாக்டரம்மா தொடையில துளியூண்டு சதை எடுத்து மைக்ராஸ்கோப்ல வச்சாங்க. அதுல மாட்டிக்கிச்சு."

ஏட்டு ஓரடி பின்னால் நகர்ந்தார். "ஒட்டிக்குமா?"

"கல்யாணமாகிப் பதினாறு வருஷம் சார். எனக்கு இவர் பொறுமைகூட ஒட்டல."

"பரம்பரையா?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"சில பேருக்கு அம்மா வழியா வருமாம். அப்பா வழியா இந்த வகை வராது. நான் மாமியார் மேல பழி போடத் தயாரா இருந்தேன், டாக்டரம்மா விடல. இவருக்குத் தானா வந்ததாம்." அதுவரை துடுக்காக வந்த குரல் இறங்கியது. "குணமாக்குற மருந்து இல்ல மேடம். வருஷத்துக்கு ஒரு தடவை இதயத்துக்கு ஈசிஜி எடுக்கணும். இந்தக் கோளாறு சில பேருக்கு அங்கயும் கை வைக்குமாம். பார்த்துப் பார்த்துதான் வச்சுக்கிட்டிருக்கேன்."

ஹால் வாசலில் இப்போது சிரிப்புச் சத்தம் இல்லை. பைண்டிங் அக்காகூட மெதுவாக மூக்கை உறிஞ்சினாள். அவள் அளவுக்கு மெதுவாக.

முதலாளி கேட்டார். "இதை என்கிட்ட ஏன்யா சொல்லல?"

வாட்ச்மேன் வாயைத் திறந்தார். "தூங்குமூஞ்சின்னா திட்டுவீங்க முதலாளி. நோயாளின்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்க."

 முதலாளி கைக்குட்டையை மடிக்க ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் நாற்காலிக்கு நேர் எதிரே போய் நின்றாள். "இப்ப உங்களுக்கு என்ன தெரியுது?"

"இமைக்குக் கீழ ஒரு சந்து இருக்கு மேடம். அது வழியா தரை தெரியும். கால் தெரியும். உங்க இடது ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கு. ஏட்டு சார் போட்டிருக்கிற சாக்ஸ்ல ஒண்ணு கறுப்பு, ஒண்ணு கருநீலம். முதலாளி செருப்புல வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கு."

மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள்.

மூன்றும் சரி!

"அவசரத்துல கிளம்பினேன் மேடம்" என்றார் ஏட்டு.

"முகம் தெரியணும்னா?"

வாட்ச்மேன் மோவாயை உயர்த்தித் தலையைப் பின்னால் சாய்த்தார். நெற்றி முழுக்கச் சுருங்கியது. "இப்ப தெரியுது. உங்க புருவத்துக்கு மேல ஒரு தழும்பு."

"எப்பவும் இப்படியே உட்கார வேண்டியதுதானே?"

"உட்கார்ந்தேன் மேடம். மேனேஜர் சார் 'என்னடா திமிரா பாக்குற'ன்னு கேட்டாரு. அதுலேர்ந்து யார் மூஞ்சியையும் பாக்குறதில்ல. காலை வச்சே நாப்பது பேரையும் தெரியும்."

"பக்கவாட்டுல?"

"முழி திரும்பாது மேடம். தலையத்தான் திருப்பணும்."

இன்ஸ்பெக்டர் தன் லேஸைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். காலையிலிருந்து அந்தக் கட்டடத்தில் யாருமே கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"டீ நேரத்துல இங்க யாரைப் பார்த்தீங்க?"

"பதினொண்ணு அஞ்சு இருக்கும். சீல் ரூம்லேர்ந்து ஒரு ஜோடி ஷூ வெளிய வந்துச்சு. முற்றத்துக்குப் போச்சு. மூணு நிமிஷத்துல திரும்பி வந்து சீல் ரூமுக்குள்ள போச்சு."

"சோதனை போடலையா?"

"அந்த ஷூவை சோதனை போட எனக்கு அதிகாரம் இல்ல மேடம்."

"என்ன ஷூ?"

வாட்ச்மேன் தயங்கினார். "பிரவுன்."

நாற்பது தலைகள் ரேக் பக்கம் திரும்பின. மேல்தட்டில், இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு, அந்த அச்சகத்திலேயே பெரிய ஷூ உட்கார்ந்திருந்தது!

"பொய்!" மேனேஜர் கத்தினார். "டீ நேரம் முழுக்க நான் பாத்ரூம்ல இருந்தேன். ரப்பர் செருப்போட."

"சாட்சி?" என்றார் ஏட்டு.

"பாத்ரூமுக்குச் சாட்சியோட போற பழக்கம் எனக்கு இல்ல."

"இனிமே பழகிக்கங்க. லாக்கப்ல கதவு கிடையாது, கம்பிதான்."

இரண்டு கான்ஸ்டபிள்கள் மேனேஜரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

4

முதலாளி வாட்ச்மேனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் வேலை உனக்குத்தான். நாற்காலிக்குக் குஷன் போட்டுத் தரேன். மோவாயத் தூக்கிப் பாரு, படுத்துக்கிட்டுப் பாரு, உன் இஷ்டம். இனிமே எவனாவது தூங்குமூஞ்சின்னு சொன்னா அவன் சீட்டைக் கிழிச்சுடுறேன்."

கேட்டீர்களா? வேலை தப்பியது. ஜெயில் தப்பியது. மானமும் கூடவே திரும்பி வந்தது. புத்தியுள்ளவன் இந்த இடத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்புவான்.

"கிளம்புங்க. நான் ரெண்டே முக்காலுக்கு ஸ்கூல் வாசல்ல நிக்கணும்" என்றாள் மனைவி.

வாட்ச்மேன் எழுந்திருக்கவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம். எனக்கு மனசு ஒப்பல."

"என்ன?"

"நீங்க கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன். கேக்காதது ஒண்ணு இருக்கு. அந்த ஷூ வெளிய வந்ததைப் பார்த்தேன். ஆனா அதுக்கு முன்னாடி அது உள்ள போனதைப் பார்க்கல."

இன்ஸ்பெக்டர் அவரையே பார்த்தாள்.

"மேனேஜர் சார் எப்பவும் வராந்தா நடுவுல நடப்பாரு. போயிருந்தா என் கண்ணுக்குத் தப்பாது. அதே மாதிரி, திரும்பி உள்ள போன ஷூ மறுபடி வெளிய வரவே இல்ல. ஆனா இதோ, ரேக்ல இருக்கு."

"அப்ப அதை யாரோ கையில எடுத்துட்டுப் போய், கையிலயே கொண்டுவந்து வச்சிருக்காங்க... உங்க பக்கவாட்டுல, சுவரோரமா."

"ஆமா மேடம். இன்னொண்ணு. வெளிய வந்த ஷூ நேரா போகல. என் முன்னாடி வந்து நின்னுச்சு. ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணலாம். அப்புறம்தான் போச்சு. நடக்கும்போது குதிகால் டப்பு டப்புன்னு அடிச்சுது. காலுக்குப் பெரிய ஷூ போட்டா அப்படித்தான் அடிக்கும்."

 ஏட்டு கேட்டார். "திருடப் போறவன் எவனாவது வாட்ச்மேன் முன்னாடி நின்னு காட்டிட்டுப் போவானா மேடம்? தூங்குறான்னு நினைச்சிருந்தா பூனை மாதிரி போயிருப்பான்."

"அதான் ஏட்டு விஷயம்." இன்ஸ்பெக்டரின் குரல் தாழ்ந்தது. "அவனுக்கு இவர் முழிச்சிருக்கார்னு தெரியும். காலை மட்டும் பார்ப்பார்னு தெரியும். பக்கத்துல பார்க்க மாட்டார்னும் தெரியும். மேனேஜரோட ஷூவைப் போட்டுக்கிட்டு இவர்கிட்ட சாட்சி வாங்கிட்டுப் போயிருக்கான்."

வாட்ச்மேன் பக்கம் குனிந்தாள்.

"உங்க நோய் விஷயம் இங்க யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் சொல்லல மேடம்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒரே ஒருத்தரைத் தவிர."

"யாரு?"

வாட்ச்மேன் தலையைத் திருப்பிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரின் பார்வை மெல்ல நகர்ந்து... ஃபைலை அணைத்துக்கொண்டு நின்ற மனைவியின் மேல் போய் நின்றது.

"என்னை ஏன் பாக்குறீங்க?" என்றாள் அவள். "என் காலு அஞ்சாம் நம்பர். அந்த ஷூவுக்குள்ள நான் முழுசா உட்காரலாம்."

வாட்ச்மேன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க மேடம்."

"என்னங்க, நெஞ்சு வலிக்குதா?" மனைவி பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தாள்.

"வலிக்குது. ஆனா அந்த வலி இல்ல."

5

ஜீப் மேனேஜரோடு போய்விட்டதால், சட்டமும் ஒழுங்கும் ஸ்கூல் பஸ்ஸில் புறப்பட்டன.

ஏட்டு முன்சீட்டில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். எதிரே 'ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாதே' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டுக் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். மனைவி ஓட்டிய வேகத்தில் மூன்று சிக்னல்கள் பின்னால் போயின. இன்ஸ்பெக்டர் அவற்றைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.



ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் மனைவி இதய நோய்ப் பிரிவுப் பக்கம் திரும்பினாள். வாட்ச்மேன் அந்தப் பக்கம் போகவில்லை. தசை எடுத்துப் பார்த்த டாக்டரம்மாவின் அறையையும் தாண்டினார். லிஃப்ட் வரை நடந்து, மூச்சு வாங்க நின்று, பொத்தானை அமுக்கினார்.

மூன்றாவது மாடி. தலைக்காயப் பிரிவு. ஓரத்துக் கட்டில்.

ப்ரூஃப் ரீடர் மல்லாந்து கிடந்தார். தலையில் கட்டு. கண்கள் மூடியிருந்தன. கையில் டிரிப்ஸ். பக்கத்தில் இளம் டாக்டர் ஒருவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்காரு டாக்டர்?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"அதான் புரியல மேடம். ஸ்கேன் சுத்தமா இருக்கு. நாடி, பிரஷர் எல்லாம் நார்மல். மேல் காயம்தான். ஆனா ரெண்டு மணி நேரமா நினைவு வரல. இதோ கண்ணுக்கு டார்ச் அடிச்சுப் பார்க்கப் போறேன்."

வாட்ச்மேன் கட்டிலருகே வந்து நின்றார்.

அச்சகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனிதர் இவர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு மற்றவர்கள் முடித்து எழுந்த பிறகும், மெதுவாக விழுங்கிக்கொண்டிருப்பவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்தவர் இவர்தான். அப்படி ஒரு மத்தியானம்தான் வாட்ச்மேன் எல்லாவற்றையும் சொன்னார்... இமை, முழி, தரை, கால், எல்லாவற்றையும். அன்று வீட்டுக்குப் போகும்போது ரொம்ப நாளைக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. இப்போது அதையெல்லாம் நினைத்தால் அழுகை வந்தது.

"டாக்டர், நான் அவர் கண்ணைத் தொட்டுப் பார்க்கலாமா?"

டாக்டர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

வாட்ச்மேன் கட்டை விரலால் நண்பரின் வலது இமையை மேலே தூக்கினார். இமை கொஞ்சம் முரண்டு பிடித்தது. விரலை எடுத்தார்.

டப்!

இடது இமை. தூக்கினார். விட்டார்.

டப்!

வாட்ச்மேன் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"மேடம், நான் ஆறு வருஷமா தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு இமையத் தூக்கித் தூக்கி விடுறவன். சக்தியில்லாத இமை தானா மெதுவா இறங்கும். இறங்கினாலும் கீழ ஒரு கோடு பாக்கி இருக்கும். இது கடை ஷட்டர் மாதிரி விழுது. தூக்கும்போது எதிர்த்து இழுக்குது."

"அப்படின்னா?"

"இந்த இமையில கரண்ட் ஃபுல்லா இருக்கு மேடம். இவர் முழிச்சிருக்காரு."

டாக்டர் டார்ச்சைக் கீழே வைத்தார். "சரிதான் மேடம். நடிப்பா இருந்தாதான் இமை இப்படி இறுகும்."

கட்டிலில் அசைவில்லை.

"சார்" என்றாள் இன்ஸ்பெக்டர், கட்டிலின் மேல் குனிந்து. "சீல் ரூமுக்குள்ள இருந்தது நீங்க ஒருத்தர்தான். சோதனை இல்லாம கட்டை வெளிய கொண்டுபோக மேனேஜரோட ஷூ தேவைப்பட்டுச்சு. உங்க மேல சந்தேகம் வராம இருக்க ஒரு காயம் தேவைப்பட்டுச்சு. நான் சொல்றது சரின்னா எந்திரிங்க. தப்புன்னாலும் எந்திரிச்சுச் சொல்லுங்க."

மூடிய இமையின் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் திரண்டது. நினைவில்லாத மனிதர் வலது கையால் அதைத் துடைத்துக்கொண்டார்!

"பொண்ணு மூணாவது தடவையா எழுதுறா மேடம்" என்றார், கண்ணைத் திறந்து. "ரெண்டு வருஷமா ராத்திரி பகல் படிச்சா. இந்தத் தடவையும் போச்சுன்னா உடைஞ்சு போயிடுவா. மதில் சுவருக்கு அந்தப் பக்கம் என் மச்சான் நின்னான். கட்டைக் குடுத்தேன். அப்புறம் அலமாரி முனையில நானே இடிச்சுக்கிட்டேன்."

"மச்சான் இப்ப எங்க?"

சொன்னார். ஏட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். ஐந்தே நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"ஆளைப் பிடிச்சாச்சு மேடம். கட்டு சீல் உடையாம இருக்கு. பிரிக்கக் கத்தரிக்கோல் தேடிக்கிட்டு இருந்தானாம். மேனேஜரையும் விடச் சொல்லிட்டேன். ஷூ எங்கன்னு கேக்குறாரு."

ப்ரூஃப் ரீடர் வாட்ச்மேன் பக்கம் திரும்பினார். "உன் வேலைக்கு ஆபத்து வரும்னு நான் நினைக்கல. மேனேஜரைக் கைகாட்டிட்டு நீ தப்பிச்சுடுவேன்னுதான்..."

"முதல்ல என்னைத்தான் கூட்டிட்டுப் போகப் பார்த்தாங்க" என்றார் வாட்ச்மேன். "நான் முழிச்சிருந்தேன்னு சொன்னா உலகத்துல நம்புறதுக்கு ஒரே ஒருத்தர்தான் இருந்தாரு. அவரு இங்க வந்து படுத்துட்டாரு."

மனைவி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

இன்ஸ்பெக்டர் கைவிலங்கை எடுத்தாள். "கிளம்பலாமா சார்?"

ப்ரூஃப் ரீடருக்கு அவமானம் தாங்கவில்லை. யார் முகத்தையும் பார்க்க முடியாமல் கண்களை மறுபடி இறுக மூடிக்கொண்டார்.

வாட்ச்மேன் மோவாயை உயர்த்தினார். நெற்றி சுருங்க, நண்பரின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"கண்ணைத் திறங்க சார். நம்ம பிரஸ்ல தூங்குமூஞ்சி போஸ்ட் ஒண்ணுதான். அதுல ஏற்கெனவே ஆள் இருக்கு."